சூரிய மின்நிலையச் செலவில் நஞ்சைக்கு என்ன விலை?

சூரிய மின்சாரத்துக்கு 2010-11-ஆம் ஆண்டில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவுக்கான ஏலத்தில் அது 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலம் 1 ரூபாய் 99 காசில் முடிந்தது. பத்தே ஆண்டுகளில் விலை ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இது நாட்டுக்கு நல்லது. நிலக்கரிப் புகையிலிருந்து விடுபட இதைவிட நல்ல வழி நம் கையில் இல்லை. ஆனால் இந்த எண்களைக் கேட்டுக் கேட்டு ஒரு மயக்கமும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. வெயிலும் இடமும் இருந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் மின்நிலையம் அமைத்து லாபம் பார்த்துவிடலாம் என்பதே அந்த மயக்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் வாதம். இங்கே சூரிய மின்நிலையத்தின் உண்மையான செலவைத் தீர்மானிப்பது தகட்டுக்கு அடியில் இருக்கும் நஞ்சை. அந்தச் செலவு திட்ட அறிக்கையில் முழுமையாக ஏறுவதில்லை. ஏறாத பங்கைக் குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும் பக்கத்து வயல்காரரும் சுமக்க வேண்டியிருக்கும்.

ஒரு மின்நிலையத்தில் போடும் பணம் எங்கெங்கே போகிறது என்று அறிய, அதே ஆணையம் 2016-17-க்கு வெளியிட்ட மதிப்பீடு இன்றும் உதவும். ஒரு மெகாவாட்டுக்கு மொத்தம் 5 கோடியே 30 லட்சம் ரூபாய். அதில் தகடுகளுக்கு மட்டும் 3 கோடியே 28 லட்சம். மின்சாரத்தைக் கட்டமைப்பில் சேர்க்கும் இடம்வரை கொண்டுபோகும் கேபிள், மின்மாற்றி வகையறாவுக்கு 44 லட்சம். கட்டுமானப் பணிகளுக்கு 35 லட்சம், தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்கு 35 லட்சம், இன்வெர்ட்டர்களுக்கு 30 லட்சம். கட்டி முடிக்கும்வரை ஏறும் வட்டி உள்ளிட்ட முன்செலவுகளுக்குச் சுமார் 33 லட்சம். நிலத்துக்கு 25 லட்சம். மெகாவாட்டுக்கு 5 ஏக்கர் தேவை என்று வைத்தால், ஏக்கர் 5 லட்சம் ரூபாய் என்று ஆகிறது. மொத்தச் செலவில் நிலத்தின் பங்கு 5 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. வறண்ட நிலத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. அங்கே இது சரியும்கூட. இதையே அப்படியே எடுத்துக் கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் பொருத்தினால் பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த மதிப்பீட்டுக்குப் பிறகு பட்டியலில் அதிகம் குறைந்தது தகட்டின் விலைதான். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்துக்கு ஆன செலவு சுமார் 4,550 கோடி ரூபாய். அதாவது மெகாவாட்டுக்கு 7 கோடி. இன்று பொதுவாக நாலு கோடி முதல் ஐந்து கோடிக்குள் முடிகிறது. இறக்குமதித் தகடுகளுக்கு 2022 ஏப்ரலில் 40 விழுக்காடு சுங்கவரி வந்தபோதும் சர்வதேசச் சந்தையில் தகடு மலிந்துகொண்டே போனது. 2025 செப்டம்பரில் சூரிய மின்சாதனங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தொழிற்சாலையில் செய்யும் பொருள் உற்பத்தி பெருகப் பெருக மலிவாகும். நிலமும், மண் வேலையும், கம்பி இழுப்பதும், வங்கி வட்டியும் அப்படி மலிவதில்லை. ஆகவே தகடு மலிய மலிய மற்றவற்றின் பங்கு ஏறுகிறது. அடுத்த பத்தாண்டில் ஒரு நிலையம் லாபமா நட்டமா என்பதை நிலமும் வட்டியும் மின்தடத்தின் நீளமும்தான் முடிவுசெய்யப் போகின்றன.

இதை ஒரு மெகாவாட்டுக்குக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். முதலீடு நாலரைக் கோடி என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 விழுக்காடு, அதாவது 3 கோடியே 15 லட்சம், வங்கிக் கடன். பதினைந்து ஆண்டுத் தவணையில் 9 விழுக்காடு வட்டிக்குக் கிடைத்தால் ஆண்டுக்குச் சுமார் 39 லட்சம் கட்ட வேண்டும். நம் பகுதி வெயிலுக்கு ஒரு மெகாவாட் ஆண்டுக்கு ஏறத்தாழ பதினாறரை லட்சம் யூனிட் தரும். ஆக, கடனுக்கு மட்டும் யூனிட்டுக்கு 2 ரூபாய் 37 காசு. சொந்தமாகப் போட்ட 1 கோடியே 35 லட்சத்துக்கு 14 விழுக்காடு வரும்படி எதிர்பார்த்தால் 1 ரூபாய் 15 காசு. பராமரிப்பு, காவல், காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 6 லட்சம் என்றால் 36 காசு. மொத்தம் 3 ரூபாய் 88 காசு. வட்டி 9 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக ஏறினால் வெயிலோ தகடோ மாறாமலே யூனிட்டுக்கு 43 காசு கூடிவிடும். பெரிய நிறுவனங்களுக்குக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் மொத்தக் கொள்முதல் விலையும் கிடைக்கின்றன. பாலைவனத்தின் மேகமற்ற வானமும் மலிவான நிலமும் சேர்ந்துகொள்கின்றன. பட்லாவின் 2 ரூபாய் 44 காசு அப்படி வந்தது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க வானம் மூடிக் கிடக்கும் நம் மாவட்டங்களில், சிறு முதலீட்டாளர் ஒருவர் அந்த எண்ணை நம்பி இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வார்.

இப்போது இதே கணக்கில் நஞ்சையைச் சேர்த்துப் பார்ப்போம். ஆற்றுப்பாசன நஞ்சையின் விலை ஊருக்கு ஊர், சாலைக்குச் சாலை மாறும். ஏக்கர் 25 லட்சம் என்று வைத்தால் 5 ஏக்கருக்கு, தஞ்சைக் கணக்கில் பதினைந்து மாவுக்கு, 1 கோடியே 25 லட்சம். ஆணையத்தின் மதிப்பீட்டைவிட ஒரு கோடி கூடுதல். அந்த ஒரு கோடிக்கு 10 விழுக்காடு பணச்செலவு என்றாலும் யூனிட்டுக்கு 61 காசு ஏறுகிறது. தகடு மலிந்ததால் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி இதிலேயே கரைந்துவிடும். அதோடு நிற்பதில்லை. வண்டல் களிமண் ஈரத்தில் உப்பி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். தகட்டைத் தாங்கும் தூணை அதற்கேற்ற ஆழத்தில் இறக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் வயலில் மண்ணடித்து மேடாக்க வேண்டும். இன்வெர்ட்டரையும் மின்மாற்றியையும் வெள்ளமட்டத்துக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு தென்னந்தோப்புகளை வேரோடு பிடுங்கிப் போட்டது. அந்தக் காற்றைத் தாங்கும்படி சட்டத்தை வடிவமைத்தால் இரும்பின் எடை கூடும். வடிவமைக்காவிட்டால் காப்பீட்டுக் கட்டணம் கூடும். இரண்டில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நிலத்தைத் திரட்டுவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. நூறு மெகாவாட் என்றால் 500 ஏக்கர். சுமார் 75 வேலி. கமுதியின் மானாவாரிக் காட்டில் 2,500 ஏக்கரை ஒரே நிறுவனம் திரட்ட முடிந்தது. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகு துண்டு துண்டான காவிரிப் படுகையில் 75 வேலி என்பது நூற்றுக்கணக்கான பட்டாக்கள். கூட்டுப் பட்டா, பாகம் பிரியாத சொத்து, கோயில் நிலம், மடத்து நிலம், பதிவான குத்தகை, பதிவாகாத குத்தகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அவற்றுக்கு நடுவே வாய்க்கால் புறம்போக்கு ஓடும். அதை யாரும் விற்கவும் முடியாது, தூர்க்கவும் கூடாது. இங்கே பல ஊர்களில் தண்ணீர் வயலிலிருந்து வயலுக்குப் பாய்கிறது. தலைமடை வயல் நாலை மண்ணடித்து மேடாக்கி முள்வேலி போட்டால் அதற்குக் கீழே இருக்கும் வயல்களின் பாய்ச்சல் நிற்கும். வடிகால் அடைபட்டால் மழைக்காலத்தில் மேலே இருக்கும் வயல்கள் மூழ்கும். அந்த வயல்காரர்கள் மின்நிலையத்துக்கு நிலம் கொடுக்கவும் இல்லை, அதனால் வாடகை வாங்கவும் இல்லை. அவர்களுடைய நட்டம் எந்தத் திட்ட அறிக்கையிலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

நிலத்தை வாங்க வேண்டாம், இருபத்தைந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தால் செலவு குறைந்துவிடுமே என்பது முதல் மறுப்பு. கணக்கில் அது சரிதான். ஏக்கருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் கொடுத்தாலும் 5 ஏக்கருக்கு இரண்டரை லட்சம். யூனிட்டுக்கு 15 காசுதான். ஆனால் இந்தப் பதினைந்து காசு யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பட்டாவில் பெயர் இருப்பவருக்குப் போகிறது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாகச் சாகுபடி செய்தும் பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைதாரருக்குப் போகாது. நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களுக்குப் போகாது. டிராக்டர்காரர், அறுவடை இயந்திரக்காரர், மூட்டை தூக்குபவர், வைக்கோல் கட்டுபவர், வரப்பில் மாடு மேய்ப்பவர் யாருக்கும் போகாது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை 1952-லும் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டத்தை 1955-லும் போராடிப் பெற்ற மண் இது. நில உரிமையாளர் ஒருவரோடு மட்டும் கையெழுத்துப் போட்டு இருபத்தைந்து ஆண்டுக்கு வேலி கட்டுவது அந்த வரலாற்றைப் பின்னோக்கித் திருப்பும். குத்தகையில் மின்சாரம் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், செலவின் பெரும்பகுதி ஒப்பந்தத்தில் இல்லாதவர்கள் தலையில் இறங்கிவிடுவதுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. அதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும். ஒரு ஏக்கரில் குறுவை, தாளடி என்று இரண்டு போகமும் சேர்ந்து 44 குவிண்டால் நெல் கண்டால், தமிழக அரசு 2025-26-க்கு அறிவித்த குவிண்டால் 2,500 ரூபாய்க் கொள்முதல் விலையில் கைக்கு வருவது 1 லட்சத்து 10 ஆயிரம். சாகுபடிச் செலவு போக மிஞ்சுவது சொற்பம். அதே ஏக்கரில் சூரிய மின்சாரம் மேற்சொன்ன கணக்குப்படி ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் ரூபாய்க்கு விற்கும். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் என்ற உறுதியும் இல்லை. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். நிச்சயமில்லாத தண்ணீரை நம்பி நெல் போடுவதைவிடத் தகடு போடுவதே மேல் என்று ஒரு விவசாயி நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பதின்மூன்று லட்சத்தையும் ஒரு லட்சத்தையும் எதிரெதிரே வைப்பது சரியான ஒப்பீடு ஆகாது. அந்தப் பதின்மூன்று லட்சத்தில் பெரும்பங்கு வங்கிக்கும் தகடு செய்தவருக்கும் முதலீட்டாளருக்கும் போய்விடுகிறது. நிலக்காரருக்கு வருவது வாடகை மட்டுமே. அதைவிட முக்கியம், அதே பதின்மூன்று லட்சத்தை விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் தரிசிலும் எடுக்கலாம். அந்த வருமானத்தை ஈட்டித் தருவது வெயில். காவிரி மண்ணின் வளத்துக்கும் பாசனத்துக்கும் அதில் ஒரு காசும் பங்கில்லை. தரிசில் 44 குவிண்டால் நெல்லை எடுக்க முடியாது. எங்கும் செய்யக்கூடிய ஒன்றுக்காக இங்கே மட்டும் செய்யக்கூடிய ஒன்றை விட்டுக்கொடுப்பது நட்டக் கணக்கு.

இந்த நஞ்சையின் பின்னால் பொதுப்பணம் எவ்வளவு நிற்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-ஐ ஒட்டி முடிந்தவை. அவற்றின் தண்ணீரைக் கடைமடைவரை கொண்டுசேர்க்க ஆண்டுதோறும் செலவு ஆகிறது. 2023-இல் மட்டும் 4,773 கிலோமீட்டர் ஆறு, வாய்க்கால், வடிகால்களைத் தூர்வார 90 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தண்ணீருக்காகப் பல பத்தாண்டுகள் வழக்காடி, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. என்ற தீர்ப்பைப் பெற்றோம். இத்தனை செலவும் இத்தனை வழக்கும் கொண்டுவந்த தண்ணீர், வேலி கட்டிய தகட்டுக் காட்டைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகும் என்றால் அந்தச் செலவு யார் கணக்கில்? 2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் உருக்காலைகளையும் தோல் பதனிடும் ஆலைகளையும் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் காவிரிப் படுகை மண்டலத்தில் புதிதாகத் தொடங்குவதைத் தடைசெய்தது. 2023 ஏப்ரலில் வடசேரி உள்ளிட்ட மூன்று நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலிலிருந்து நீங்கின. சூரிய மின்நிலையம் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. புகையும் கழிவும் இல்லாத தொழிலை உருக்காலையோடு ஒரே வரியில் வைப்பதும் நியாயமில்லை. ஆயினும் மண்ணைப் பாதுகாப்பது சட்டத்தின் நோக்கம் என்றால், மண்ணை மூடும் தொழில் எதுவாயினும் அதற்கு ஒரு நெறிமுறை வேண்டும்.

நெல்லும் தகடும் ஒரே வயலில் இருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. ஜப்பான் 2013 முதல் இதை அனுமதிக்கிறது. தகட்டுக்குக் கீழே விளைச்சல் அப்பகுதிச் சராசரியைவிட 20 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. நம் நாட்டிலும் மத்திய அரசு உழவர்களுக்காகக் கொண்டுவந்த பிஎம்-குசும் சூரிய மின்திட்டம், விளைநிலத்தில் அமைப்பதானால் உயரமான தூண்களின் மேல் அமைக்கச் சொல்கிறது. யோசனை நல்லது, காய்கறி, கீரை, மலர்த் தோட்டங்களில் செய்து பார்க்கத் தக்கது. நெல் வயலில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஈர வயலில் இன்று அறுவடை செய்வது பெல்ட் வண்டி. அது தடையில்லாமல் ஓடித் திரும்ப இடம் வேண்டும். தலைக்கு மேல் உயரமும் வேண்டும். அந்த உயரத்துக்குத் தகட்டைத் தூக்கினால் இரும்பும் அடித்தளமும் கூடும். புயல் காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். வாய்க்கால்களின் மேல் அமைக்கலாம் என்பது இன்னொரு யோசனை. குஜராத்தில் மெசானா மாவட்டம் சந்திரசனில் நர்மதைக் கிளைக் கால்வாயின் மேல் 750 மீட்டர் நீளத்துக்கு ஒரு மெகாவாட் நிலையத்தை 2012-இல் அமைத்தார்கள். நிலம் மிஞ்சியது, நீர் ஆவியாவதும் குறைந்தது; ஆனால் தரையில் அமைப்பதைவிடச் செலவு மிகுதி. அது சிமெண்டு பூசிய கால்வாய். நம்முடைய ஆறும் வாய்க்காலும் பெரும்பாலும் மண்கரை. ஆண்டுக்கு ஆண்டு கோடையில் பொக்லைன் இறங்கித் தூர்வாரியே ஆக வேண்டும். மேலே தகடு நின்றால் பொக்லைன் கை எங்கே சுழலும்?

அப்படியானால் டெல்டாவுக்குச் சூரிய மின்சாரம் வேண்டாமா? நிச்சயம் வேண்டும். நிலத்தின் விலை பூஜ்யமாக இருக்கும் இடத்தில் வேண்டும். அந்த இடம் கூரை. அரிசி ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிலோவாட்டுக்குச் சுமார் 10,000 சதுர அடி கூரை போதும். கிலோவாட்டுக்கு 45,000 ரூபாய் என்றால் முதலீடு 45 லட்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் யூனிட் கிடைக்கும். தொழிற்சாலைகள் மின்வாரியத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய்க்கு மேல் கட்டுகின்றன. கூரை மின்சாரத்துக்கு வாரியம் வசூலிக்கும் வலையமைப்புக் கட்டணத்துக்கு ஒரு ரூபாய் கழித்து 6 ரூபாய் மிச்சம் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 8 லட்சத்து 40 ஆயிரம். ஐந்தரை ஆண்டுகளில் போட்ட பணம் திரும்புகிறது. சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்குக் கூரைத் தகட்டின் வலையமைப்புக் கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பதாக மாநில அரசு 2023-இல் அறிவித்தது இதற்கு உதவும். இங்கும் மறைவான செலவுகள் உண்டு. அவற்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஆலைகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை எடை தாங்காது, மாற்ற வேண்டும். உமி எரியும் கொதிகலனின் கரித்தூள் தகட்டில் படியும். அடிக்கடி கழுவாவிட்டால் மின்சாரம் குறையும். ஆலை ஓடாத மாதங்களில் மிஞ்சும் மின்சாரத்துக்கு வாரியம் தரும் விலையும் குறைவு. இவ்வளவையும் சேர்த்தாலும் இந்தக் கணக்கில் யாருடைய வயலும் போகவில்லை, யாருடைய பாய்ச்சலும் நிற்கவில்லை.

அரசின் கையிலேயே பெரிய வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் அறுவடையிலும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடக்கிறது. மழை வந்தால் தார்ப்பாய்க்குள் முளைவிடுகிறது. 17 விழுக்காடு ஈரப்பத வரம்பை 22 ஆகத் தளர்த்தச் சொல்லி மத்திய அரசுக்குக் கடிதம் எழுதுவது வாடிக்கையாகிவிட்டது; 2025 அக்டோபரிலும் அதுவே நடந்தது. கொள்முதல் நிலையங்களுக்கும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் திறந்தவெளிச் சேமிப்பு மையங்களுக்கும் கூரை எப்படியும் போட்டாக வேண்டும். அந்தக் கூரையைத் தகடு தாங்கும் வலுவோடு போட்டால், சட்டத்துக்கும் தூணுக்கும் ஆகும் செலவை நெல்லும் மின்சாரமும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரு ஏக்கர் பரப்புள்ள கொட்டகைக் கூரையில் 400 கிலோவாட் அமைக்கலாம். ஐந்து கொட்டகைகள் சேர்ந்தால் 2 மெகாவாட். தரையில் அமைத்தால் 10 ஏக்கர் நஞ்சை கேட்கும் அளவு அது. அந்த மின்சாரத்தில் ஈர நெல்லை உலர்த்தும் இயந்திரங்களின் காற்றாடிகளை ஓட்டலாம். மிச்சத்தை வாரியத்துக்குக் கொடுக்கலாம்.

பம்புசெட்டும் அப்படித்தான். உழவர்களுக்கான இலவச மின்சாரத்துக்காக 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 8,186 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆழ்குழாய்க் கிணற்றை வைத்து முன்பட்ட குறுவைக்கு நாற்று விடும் சித்திரை, வைகாசியில்தான் வெயிலும் உச்சம். பகலில் இறைக்கும் தண்ணீருக்குப் பகல் மின்சாரம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பிஎம்-குசும் திட்டம் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களைத் துணைமின்நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அமைக்கச் சொல்கிறது. டெல்டாவில் அதற்கு உவர் நிலம், மணல் மேடு, கைவிடப்பட்ட செங்கல் சூளை, பயன்படாத அரசுக் கட்டடங்களின் வளாகம் போன்ற இடங்களை ஊராட்சிவாரியாகப் பட்டியல் எடுத்தாலே போதுமான இடம் கிடைக்கும். மின்தடம் குறுகுவதால் இழப்பும் குறையும்.

கூரைகளை நம்பினால் எவ்வளவு தேறும், நாட்டின் தேவை பெரிதாயிற்றே என்பது கடைசி மறுப்பு. தமிழகத்தின் உச்ச மின்தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது உண்மை. அதே மாநிலத்தின் சூரிய மின்திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருப்பதும் உண்மை. அதை எட்டுவதற்குக் காவிரிப் படுகையின் நஞ்சையைத் தொட வேண்டியிருக்கவில்லை. இனி வரும் பெரிய நிலையங்களுக்கும் தென்மாவட்ட வறள்நிலம் இருக்கிறது. அங்கும் கண்மாயையும் மேய்ச்சலையும் காத்து அமைப்பது வேறொரு கடமை. ஒவ்வொரு மாவட்டமும் தன்னிடம் இருப்பதைத் தர வேண்டும் என்றால், டெல்டா தர வேண்டியது நெல்லும், கூரை மேல் விளையும் மின்சாரமும்.

இதற்கு அரசு செய்ய வேண்டியவை பெரிதல்ல. ஆற்றுப்பாசன நஞ்சையில் தரைமட்டச் சூரிய நிலையம் அமைக்க அனுமதி இல்லை என்று வேளாண் மண்டலச் சட்டத்தின் கீழ் ஒரு தெளிவான விதி வேண்டும். மற்ற இடங்களில், நிலத்தின் விலை, வடிகால் மாற்றம், குத்தகைதாரருக்கும் தொழிலாளருக்கும் இழப்பீடு, கடைசியில் நிலையத்தைப் பிரித்தெடுக்கும் செலவு ஆகியவை அடங்கிய முழுச் செலவுப் பட்டியலைக் கிராமசபையில் வைத்த பிறகே அனுமதி தர வேண்டும். புதிதாகக் கட்டும் ஒவ்வொரு நெல் கொட்டகையும் தகடு தாங்கும் கூரையோடு எழ வேண்டும். நிலத்தைக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் விவசாயிகளும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டு வாடகை விலைவாசிக்கு ஏற்ப ஏறுமா? நிறுவனம் நடுவில் கைமாறினாலோ நொடித்தாலோ ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்தும்? தூணையும் கான்கிரீட்டையும் பிடுங்கி, கொட்டிய சரளையை அள்ளி, வயலை வயலாகத் திருப்பித் தருவது யார் செலவு? மின்னணுக் கழிவு விதிகளின் கீழ் வந்துவிட்ட பழைய தகடுகளை அகற்றுவது யார்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.